நாவல் படமாகும்போது எது கையில் நிற்கும், எது நழுவும்? நெல்லைச் சீமைக் கதைகளை வைத்து ஒரு விளக்கம்

பேர் பெற்ற ஒரு நாவல் படமாகப் போகிறது என்று அறிவிப்பு வந்த அன்றைக்கே சண்டை தொடங்கிவிடும். யார் எந்தப் பாத்திரம், அந்த நடிகருக்கும் இந்தப் பாத்திரத்துக்கும் என்ன சம்பந்தம், அந்த அத்தியாயத்தை வைப்பார்களா மாட்டார்களா என்று. படம் வந்தபிறகு இரண்டே கட்சிதான். ஒன்று, 'நாவலைக் கெடுத்துவிட்டார்கள்'. மற்றது, 'புத்தகம் வேற, சினிமா வேற, ரெண்டையும் ஒப்பிடாதே'. முதல் கட்சிக்காரரிடம் எது கெட்டது என்று கேட்டால் விட்டுப்போன சம்பவங்களைப் பட்டியல் போடுவார். இரண்டாம் கட்சிக்காரரிடம் எப்படி வேற என்று கேட்டால் பதில் வராது.

என் கணிப்பு இது. நாவலில் நமக்குப் பிடித்துப்போனது பெரும்பாலும் அதைச் சொல்கிற குரல்தான், அந்தக் குரலைக் கேமராவால் பிடிக்க முடியாது. அப்புறம் இன்னொன்று: ஒரு நாவலை எத்தனை பேர் நெஞ்சில் வைத்திருக்கிறார்களோ அந்த அளவுக்கு இயக்குநரின் கை கட்டிக்கிடக்கும். இந்த இரண்டும் பிடிபட்டால், ஏன் சில படங்கள் நாவலை முக்கால்வாசி தூக்கிப் போட்டுவிட்டு நல்ல படமாக நிற்கின்றன, ஏன் சில படங்கள் அத்தனை பாடுபட்டும் வசவு வாங்குகின்றன என்பது விளங்கும். இதற்கு உதாரணம் தேட நெல்லையை விட்டு அதிகம் வெளியே போகவேண்டியதில்லை.

முதலில் சில சொற்கள்

தழுவல் என்றால் ஒரு வடிவத்தில் இருக்கும் படைப்பை வேறு வடிவத்துக்கு மாற்றுவது. நாவலைப் படமாக்குவதும் தழுவல்தான், நாடகமாக்குவதும் தழுவல்தான்.

திரைக்கதை என்பது காட்சி வாரியாக எழுதிய வேலைத்தாள். எந்த இடம், பகலா இரவா, யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பது மட்டும் அதில் இருக்கும். ஒருவர் மனதில் என்ன ஓடுகிறது என்று அதில் எழுதினாலும் பிரயோசனம் இல்லை, எடுக்க முடியாது.

பட உரிமை என்பது அந்த நாவலைப் படமாக்கிக்கொள்ள எழுத்தாளர் எழுத்தில் கொடுக்கும் உரிமை. புத்தகம் போடும் பதிப்பாளரிடம் இருக்கும் உரிமை வேறு, இது வேறு.

'நாவலை அடிப்படையாகக் கொண்டது' என்று டைட்டிலில் போட்டால், கதைப்போக்கில் கணிசமான பகுதி நாவலிலிருந்து வந்தது என்று எதிர்பார்க்கலாம். 'கருவைத் தழுவியது' என்றால் ஒரு சூழலோ ஒரு உறவோ மட்டும் வந்திருக்கலாம். இதற்கெல்லாம் கறாரான அளவுகோல் கிடையாது. ஆனால் நன்றி என்று மட்டும் போட்டுவிட்டு மொத்தக் கதையையும் எடுத்துக்கொண்டால் அது வேறு பஞ்சாயத்து. கடைசியில் அதற்கு வருகிறேன்.

பக்கக் கணக்கும் நிமிடக் கணக்கும்

சினிமாவில் பழைய ஒரு தோராயக் கணக்கு உண்டு. திரைக்கதையில் ஒரு பக்கம், திரையில் ஒரு நிமிடம். இரண்டரை மணி நேரப் படத்துக்கு நூற்றைம்பது பக்கம். அதிலும் பாதி இடம் வெள்ளையாகக் கிடக்கும்.

இப்போது பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதியது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். மணிரத்னம் எடுத்த இரண்டு படங்களும் (2022, 2023) சேர்ந்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். வகுத்துப் பாருங்கள், ஒரு அத்தியாயத்துக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. வாசகர் ஒரு வாரம் அசைபோட்ட விஷயத்துக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை! இந்தக் கணக்கை முன்னால் வைத்துக்கொண்டு 'ஏன் மணிமேகலையைக் காணோம், ஏன் சேந்தன் அமுதனின் பிறப்பு ரகசியத்தை விட்டார்கள்' என்று கேட்டால் பாதி பதில் கிடைத்துவிடும்.

மீதிப் பாதி பதில் தொடர்கதையின் கட்டுமானத்தில் இருக்கிறது. வாரப் பத்திரிகையில் ஒவ்வொரு வாரமும் வாசகரை அந்தரத்தில் நிறுத்தவேண்டும். கதவு தட்டப்படும், யார் என்று தெரியாது, தொடரும். இப்படி நூற்றுக்கணக்கான முடிச்சுகள் போட்டு அவிழ்த்ததுதான் தொடர்கதை. தமிழ்ப் படத்தில் அப்படி நிறுத்த ஒரே இடம் இடைவேளைதான். மற்ற முடிச்சுகளை அப்படியே வைத்தால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திடுக்கிட்டுத் திடுக்கிட்டுப் பார்ப்பவருக்கு அலுத்துவிடும். எடுத்தால், 'அந்த இடம் போச்சே' என்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தொடர்கதைக்குப் படம் வரைந்த ஓவியர்கள் வாசகர் மனதில் ஏற்கெனவே ஆள் தேர்வை முடித்துவிட்டார்கள். பொன்னியின் செல்வனுக்கு மணியம், தில்லானா மோகனாம்பாளுக்குக் கோபுலு. குந்தவையின் கொண்டை எப்படி இருக்கும் என்பது எழுபது வருஷத்துக்கு முன்பே முடிவான விஷயம். எந்த நடிகை வந்தாலும் அந்தக் கோட்டோவியத்தோடு ஒப்பிடுவதைத் தவிர்க்க முடியாது.

கேமராவுக்குப் பிடிபடாத குரல்

இதுதான் மையமான சிக்கல், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நெல்லை டவுனில் நடக்கும் ஒரு நாவலில் இப்படி ஒரு பத்தி வருவதாக வைத்துக்கொள்வோம் (எந்த நாவலிலும் இல்லை, உதாரணத்துக்கு எழுதியது):

'பிச்சம்மை ஆச்சி நடையில் தண்ணீர் தெளிக்கும்போதே எதிர்வீட்டுச் சின்னவளின் கோலம் இன்றைக்கும் கோணல்தான் என்று பார்த்து வைத்துக்கொண்டாள். சொல்லப் போவதில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டில் பேசிய சம்பந்தம் தட்டிப்போனதிலிருந்து, அந்த வளவில் யாரிடமும் சொல்லாமல் ஆச்சி சேர்த்து வைத்திருக்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று.'

மூன்றே வாக்கியம். கேமராவுக்கு இதில் கிடைப்பது என்ன? ஒரு ஆச்சி, ஒரு வாளி, எதிரே ஒரு கோலம், ஒரு பார்வை. அவ்வளவுதான். 'இன்றைக்கும்' என்ற ஒரு சொல்லில் இருக்கும் தினசரிப் பழக்கம் கிடைக்காது. 'சொல்லப் போவதில்லை' என்ற முடிவு கிடைக்காது. இருபது வருஷம் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மேலே, ஆச்சியைப் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டே சொல்கிறாரே கதைசொல்லி, அந்தச் சிரிப்பு சுத்தமாகக் கிடைக்காது. நாவலை விரும்பிப் படித்தவர் விரும்பியதோ அந்தச் சிரிப்பைத்தான்.

திரைக்கதை எழுதுபவர் முன்னால் இருக்கும் வழிகள் இவை.

1. பின்னணிக் குரல். அந்த வாக்கியத்தையே ஒருவர் வாசித்துவிடுவது. சுலபம், ஆனால் படம் முழுக்கச் செய்ய முடியாது. செய்தால் வானொலி நாடகத்துக்குப் படம் ஓட்டிய மாதிரி ஆகும். அளவாக, ஆரம்பத்தில் கொஞ்சம், திருப்பத்தில் கொஞ்சம் என்றால் தாங்கும்.

2. வேறு ஒரு பாத்திரத்தைப் பேசவைப்பது. 'ஏட்டி, அந்தச் சம்பந்தம் தட்டிப்போனதுல இருந்து ஆச்சி அந்த வீட்டு வாசல ஏறிட்டும் பாக்க மாட்டா தெரியுமா?' என்று பக்கத்து வீட்டுக்காரியை வைத்துச் சொல்லவைப்பது. தகவல் வந்துவிடும். ஆனால் ஆச்சி யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது ஊருக்கே தெரிந்த சங்கதி ஆகிவிட்டதே! நாவலின் ஆச்சி செத்துப்போய் வேறொரு ஆச்சி வந்துவிட்டாள். தமிழ்த் தழுவல்களில் அதிகம் நடக்கும் விபத்து இதுதான், யாரும் கவனிப்பதும் இல்லை.

3. பின்னோட்டம். இருபது வருஷத்துக்கு முந்தைய பெண் பார்க்கும் படலத்தை எடுத்துக் காட்டுவது. மூன்று நிமிடம் போய்விடும். அதோடு, நாவலில் போகிற போக்கில் வந்த வரி படத்தில் பெரிய சம்பவமாக உட்கார்ந்துகொள்ளும்.

4. நடிப்பையும் திரும்ப வருவதையும் நம்புவது. மூன்று வெவ்வேறு காலைகளில் ஆச்சி அந்தக் கோலத்தைப் பார்ப்பதைச் சில விநாடிகள் காட்டுவது, மூன்றாம் முறை அந்தப் பெண் நேராகப் போட்டிருக்க, ஆச்சி முகத்தில் ஏமாற்றம். இது நாவலில் இல்லாத காட்சி. ஆனால் அந்தப் பத்திக்கு மிக அருகில் இருப்பது இதுதான் என்பேன். கதைசொல்லியின் சிரிப்புகூட ஓரளவு வந்துவிடுகிறது.

5. விட்டுவிடுவது. படப்பிடிப்பில் நாள் குறையக் குறைய இந்த வழியே பெரும்பாலும் ஜெயிக்கும்.

நான்காம் வழியைப் பாருங்கள். நாவலுக்கு உண்மையாக இருக்க, நாவலில் இல்லாததைச் சேர்க்கவேண்டியிருக்கிறது. 'அப்படியே எடுத்திருக்கலாமே' என்று கேட்பவர்கள் தவறவிடும் இடம் இது. அப்படியே எடுத்தால் கிடைப்பது வாளியும் கோலமும்தான்.

நம் சினிமாவுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு, பாட்டு. நாவலில் ஆறு மாதத்தில் மெல்ல நடக்கும் மனமாற்றத்தை ஒரு பாட்டு நான்கு நிமிடத்தில் நம்பவைத்துவிடும். பாட்டை வியாபாரத்துக்கான ஒட்டு என்று கேலி செய்யும் வாசகர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

பேச்சு: 'ஏலே' போட்டால் நெல்லையா?

நாவலில் வர்ணனை எழுத்துத் தமிழில் ஓடும், பேச்சு மட்டும் வட்டார வழக்கில் வரும். வட்டாரச் சொல் புரியாவிட்டாலும் சுற்றியுள்ள வர்ணனை கைதூக்கிவிடும். படத்தில் வர்ணனை போய்விடுகிறது, பேச்சு மட்டும் தனியாக நிற்கிறது. தருமபுரிக்காரருக்கும் புரியவேண்டும், திருநெல்வேலிக்காரருக்கும் பொய்யாகத் தெரியக்கூடாது. பல படங்கள் இதற்குக் கண்டுபிடித்த குறுக்குவழி, சென்னைத் தமிழில் வசனம் எழுதி ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 'ஏலே' போடுவது.

நிஜத்தில் ஒரே நெல்லைத் தமிழ் என்று ஒன்று இல்லை. டவுனில் பேசுவது ஒரு மாதிரி, மேலப்பாளையத்தில் ஒரு மாதிரி, உவரிக் கடற்கரையில் ஒரு மாதிரி, வடக்கே கரிசல் பக்கம் போனால் முற்றிலும் வேறு மாதிரி. அதைவிட முக்கியம், யார் யாரிடம் எப்படிப் பேசலாம் என்ற கணக்கு. 'வா'வும் இல்லாமல் 'வாங்க'வும் இல்லாமல் நடுவில் 'வாரும்வே' என்று ஒன்று இருக்கிறது. சம வயதுக்காரரிடம், கொஞ்சம் மரியாதையும் கொஞ்சம் உரிமையுமாக. அதை மகன் தகப்பனிடம் சொல்லிவிட்டால் காட்சியே கோணிப்போகும். 'அண்ணாச்சி' என்பதில் மரியாதையும் உண்டு, குரலை மாற்றினால் எகத்தாளமும் உண்டு. வெளியூர் நடிகருக்கு உச்சரிப்பைச் சொல்லிக்கொடுத்துவிடலாம், டப்பிங்கில் திருத்திவிடலாம். இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுப்பதுதான் பாடு.

பேச்சோடு சேர்ந்து சாதியும் வரும். நாவலில் அழைக்கும் விதத்திலேயே யார் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும், எழுத்தாளர்கள் அதை மறைப்பதும் இல்லை. நாவல் அச்சாவதற்கு முன் யாரிடமும் அனுமதி வாங்கவேண்டியதில்லை. படத்துக்கு 1952-ஆம் வருஷச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். சினிமா மனதை உலுக்கும் வேகம் மற்றக் கலைகளைவிட அதிகம், அதனால் அதற்கு மட்டும் முன்கூட்டியே தணிக்கை வைப்பது செல்லும் என்று கே. ஏ. அப்பாஸ் வழக்கில் 1970-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, நாவலில் சாதாரணமாக வரும் ஒரு விளிச்சொல் படத்தில் மௌனமாகலாம். சொல் போனால் அந்தச் சொல் காட்டிய உறவும் போகும்.

இடமும் காலமும், அதற்கு ஆகும் காசும்

எழுதுபவருக்கு வாக்கியம் எல்லாம் ஒரே விலை. 'அன்றைக்குத் தேர் வாகையடி முக்கில் நின்றுவிட்டது' என்று எழுத ஒரு வரி போதும். படத்தில் அந்த வரிக்கு நெல்லையப்பர் கோயில் பெரிய தேர் வேண்டும், வடம் பிடிக்கும் கூட்டம் வேண்டும், ரத வீதியின் இரண்டு பக்கமும் அந்தக் காலத்துக் கடைகள் வேண்டும். நிஜமான ஆனித் தேரோட்டத்தில் கேமராவோடு நுழைந்து எடுத்துவிடலாம் என்றால் கூட்டத்தில் பாதிப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள், மேலே பிளக்ஸ் பேனர் ஆடும்.

ஐம்பதுகளில் நடக்கும் கதையில் ஜங்ஷன் பக்கம் ஒரு காட்சி என்றால் 1973-ல் திறந்த ஈரடுக்குப் பாலம் கண்ணில் படக்கூடாது. சுலோசன முதலியார் பாலம் 1843-லிருந்து இருக்கிறது, ஆனால் பக்கத்தில் இருப்பதெல்லாம் புதுசு. பட்டாசல் (கூடம்), இரண்டாம் கட்டு, தட்டட்டி (மொட்டைமாடி) என்று நாவல் முழுக்க நடமாடும் வீடு இன்று முழுசாக நிற்பது அபூர்வம். அதனால்தான் டவுன் கதைகளை எடுப்பவர்கள் அம்பாசமுத்திரம் பக்கமோ தென்காசிப் பக்கமோ கிராமத்துக்குப் போய்விடுகிறார்கள். வயலும் மலையும் அழகாக விழும், கதையோ முடுக்குக்குள், குறுகலான சந்துக்குள் நடக்கவேண்டிய கதை. ஒருவர் வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும் நெருக்கத்தில்தான் அந்தக் கதையின் சண்டையே பிறக்கிறது. அதை ஏக்கர் கணக்கில் வெட்டவெளியில் வைத்தால் எப்படி?

மூன்று நெல்லைக் கதைகள், ஒரு சோழக் கதை

இப்போது நடந்த உதாரணங்களுக்கு வருவோம்.

முள்ளும் மலரும் (1978) படத்தின் மூல நாவலை எழுதிய உமாசந்திரன் முன்னீர்ப்பள்ளத்துக்காரர், நடிகர் பூர்ணம் விஸ்வநாதனின் சகோதரர். கல்கி பத்திரிகையின் வெள்ளிவிழாப் போட்டியில் பரிசு பெற்ற நாவல் அது. இயக்குநர் மகேந்திரன் அதிலிருந்து காளி என்ற மனிதனையும் அவன் தங்கைமேல் வைத்திருக்கும் பிடிவாதமான பாசத்தையும் எடுத்துக்கொண்டு, மற்றதைத் தன் போக்கில் கட்டினார். கடைசிக் காட்சியில்கூட காளி திருந்தி உருகிவிடுவதில்லை. பொறியாளரை இன்னும் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் தங்கையைக் கட்டிக்கொடுக்கச் சம்மதிக்கிறான். பக்கம் பக்கமாக எழுதவேண்டிய ஒரு குணத்தை ஒரே பேச்சில் முடித்த இடம் அது.

உதிரிப்பூக்கள் (1979), அதே மகேந்திரன். மூலம் புதுமைப்பித்தனின் சிற்றன்னை என்ற குறுநாவல். தாயில்லாப் பிள்ளைகள், இரண்டாம் தாரம் என்ற கருவை எடுத்துக்கொண்டு, அந்தக் குடும்பத் தலைவனைச் சுற்றி ஒரு ஊரையே எழுப்பினார். ஊரே சேர்ந்து அவனை ஆற்றில் இறங்கவைக்கும் முடிவு படத்துக்கே உரியது. (புதுமைப்பித்தனே சினிமாவுக்கு எழுதப் போனவர். ராஜமுக்தி படவேலைக்காகப் புனே போனவர் காசநோயோடு திரும்பி 1948-ல் இறந்தார். தன் கதை நல்ல படமாக வந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.)

அசுரன் (2019). மூலம் பூமணியின் வெக்கை, 1982-ல் வந்தது. அப்போது கோவில்பட்டி நெல்லை மாவட்டத்தில்தான் இருந்தது, தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது 1986-ல். நாவல் பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் பக்கம் நின்று நகர்கிறது. கொலை செய்துவிட்டு அய்யாவோடு காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் சில நாட்கள், பசி, உறக்கம், பேச்சு. பெரிய சம்பவம் என்று பார்த்தால் முதல் சில பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. வெற்றிமாறன் கதையின் எடையைத் தகப்பன்மேல் தூக்கி வைத்தார், நாவலில் இல்லாத ஒரு முன்கதையைச் செருப்பும் பஞ்சமி நிலமும் எரியும் குடிசையுமாகச் சேர்த்தார். ஆள் தனுஷ் என்பதால் பாரம் தகப்பன்மேல் விழுந்தது என்று ஒரு வாதம் உண்டு, தள்ளிவிட முடியாத வாதம்தான். ஆனால் வேறு காரணமும் இருக்கிறது. நாவலில் அந்தக் குடும்பத்தின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது வரிகளுக்கு நடுவே கசிந்துகொண்டே இருக்கும். படத்துக்கு அது கண்முன் நடக்கவேண்டும். எனக்கு நாவலின் அடங்கிய பேச்சுதான் உசத்தி. ஆனாலும் அந்தச் சேர்ப்புக்குத் தேவை இருந்தது.

மூன்றிலும் பொது அம்சம் தெரிகிறதா? மூலத்திலிருந்து எடுத்தது கொஞ்சம். இந்த மூன்றில் எதற்கும் 'நாவலைக் கெடுத்துவிட்டார்கள்' என்று தமிழ்நாடு முழுக்கச் சண்டை நடக்கவில்லை. காரணம் மகேந்திரன், வெற்றிமாறன் திறமை மட்டும் என்றால் பாதி உண்மைதான். படம் பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மூலத்தைப் படிக்காதவர்கள். சிற்றன்னையைப் படித்தவர்கள் எத்தனை பேர் தியேட்டரில் இருந்திருப்பார்கள்? ஒப்பிட ஆள் இல்லாத இடத்தில் இயக்குநருக்குக் கை நீளும்.

இதே மகேந்திரன்தான் அதற்குப் பல வருஷம் முன்னால் எம்.ஜி.ஆருக்காகப் பொன்னியின் செல்வன் திரைக்கதையை எழுத உட்கார்ந்தவர். எம்.ஜி.ஆர். 1958 வாக்கில் உரிமை வாங்கினார், படம் நடக்கவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ பேர் முயன்று, கடைசியில் 2022-ல்தான் முதல் பாகம் வந்தது. தடை பணம் மட்டும் என்று சொல்வார்கள். ஐந்து பாகத்தையும் தலைகீழாக ஒப்பிக்கும் வாசகர்கள் வீட்டுக்கு ஒருவர் இருந்த நாவலில் எதைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும் என்பதும் ஒரு தடைதான். நாவல் ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவனோடு தொடங்குகிறது, கல்கி வாசகரைக் கைப்பிடித்துப் படகில் ஏற்றுகிறார். படம் போரில் தொடங்குகிறது. வந்தியத்தேவனை அறிமுகப்படுத்த நல்ல வழிதான், ஆனால் கைப்பிடித்துக் கூட்டிப்போன அந்தக் கல்கியைக் காணோம் என்று கோடிப் பேருக்குத் தோன்றியது. (பாண்டிய நாட்டுக்காரர்களுக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. பாண்டிய மன்னனுக்காக உயிரையும் கொடுக்கும் ஆபத்துதவிகள் நம்ம ஆட்கள், இரண்டு பாகத்திலும் வில்லன்களாகவே வந்து போனார்கள்.)

இதிலிருந்து வெளியே நிற்கும் வகை ஒன்றும் உண்டு. வண்ணநிலவனின் ரெயினீஸ் ஐயர் தெரு மாதிரி, ஒரு தெரு, சில வீடுகள், அங்கே இருக்கும் மனிதர்கள், மழை. எடுத்துக்கொள்ளக் கதை என்று ஒன்று இல்லை, எல்லாமே குரல். படித்தவர்களும் அதை உயிராக நினைப்பவர்கள். இரண்டு கஷ்டமும் ஒரே இடத்தில் சேர்ந்த புத்தகம் அது. யாராவது துணிந்தால் மேலே சொன்ன நான்காம் வழி ஒன்றுதான் கதி.

அப்போது வெப் சீரிஸாக எடுத்தால்?

எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் கிடைத்தால் எல்லாப் பிரச்சினையும் தீரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நிமிடக் கணக்கு தீரும், உண்மைதான். துணைப் பாத்திரங்கள் பிழைப்பார்கள். வாரத் தொடருக்கே உரிய முடிச்சுகளுக்கும் அத்தியாய முடிவில் இடம் கிடைக்கும், அந்த வகையில் தொடர்கதைக்குச் சினிமாவைவிட இதுவே நெருங்கிய உறவு. ஆனால் பிச்சம்மை ஆச்சியைப் பார்த்துக் கதைசொல்லி சிரித்தாரே, அந்தச் சிரிப்புப் பிரச்சினை அப்படியேதான் இருக்கும், பத்து மணி நேரத்துக்கு இருக்கும். நேரம் கையில் இருப்பதாலேயே எல்லாச் சம்பவத்தையும் வைத்துவிட்டுக் குரலைத் தேடாமல் விடுகிற ஆபத்து இதில் அதிகம்.

யார் தடுக்கலாம், எதுவரை தடுக்கலாம்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஐ வைத்துச் சுருக்கமாக.

1. எழுத்தாளர் உயிரோடு இருக்கும்வரையும், இறந்த மறுவருஷத் தொடக்கத்திலிருந்து 60 வருஷமும் உரிமை நிற்கும். கல்கி 1954-ல் இறந்தார், கணக்குப்படி 2014 முடிய. அதற்கு முன்பே தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கிவிட்டது, புதுமைப்பித்தன் எழுத்தும் அப்படியே. நாட்டுடைமை ஆனபிறகு யார் வேண்டுமானாலும் படமாக்கலாம்.

2. கருவுக்கு உரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான். இரண்டாம் தாரம், பழிக்குப் பழி, அண்ணன் தங்கைப் பாசம் எல்லாம் பொதுச் சொத்து. 1978-ல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன சோதனை, இரண்டையும் பார்த்த சாதாரண மனிதருக்கு இது அதன் நகல் என்று சந்தேகமில்லாமல் தோன்றுகிறதா என்பதுதான். இதனால்தான் 'என் கதையைத் திருடிவிட்டார்கள்' என்ற புகார்கள் பெரும்பாலும் நீதிமன்றத்தில் நிற்பதில்லை.

3. உரிமையை விற்றபிறகும் எழுத்தாளருக்கு ஒரு பிடி உண்டு. 57-ஆம் பிரிவு. தன் பேருக்கோ மதிப்புக்கோ பங்கம் வரும்படி சிதைத்தால் தடுக்கக் கேட்கலாம். இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரியின் நாவல் படமானபோது எழுந்த வழக்கில் 1986-ல் தில்லி உயர் நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. வடிவம் மாறும்போது சில மாற்றங்கள் தவிர்க்க முடியாதவை என்றும் சொன்னது, ஒப்பந்தத்தைக் காட்டி இந்த உரிமையை இல்லாமல் ஆக்கிவிட முடியாது என்றும் சொன்னது. வாசகருக்கு இதில் எந்தப் பிடியும் கிடையாது, எத்தனை முறை படித்திருந்தாலும்.

4. எழுதுகிறவர்கள் கவனிக்கவேண்டியது 18, 19-ஆம் பிரிவுகள். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்கவேண்டும், கையெழுத்து வேண்டும். காலம் குறிக்காவிட்டால் ஐந்து வருஷம், நிலப்பரப்பு குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை திரும்பிவிடும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. கதையை வாங்கிப் பூட்டி வைப்பவர்கள் அந்த 'வேறு மாதிரி'யை மறக்காமல் எழுதிவிடுவார்கள். 2012 திருத்தப்படி, ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத ஊடகத்துக்கான உரிமை, அதைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, வாங்கியவருக்குப் போகாது. இன்றைக்கு ஒரு நாவலுக்கு ஒப்பந்தம் நீட்டினால், சினிமா, வெப் சீரிஸ், வேற்றுமொழி மறு ஆக்கம் மூன்றும் ஒரே தொகைக்குள் அடங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் ஒரே வரியில் மூன்றும் இருக்கும்.